நல்ல காற்றோட்டமான அறை

அந்த ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கரண்ட்டு" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஏணியோடு வந்து நிற்பான். ஒன்பது வருஷமாக ஒப்பந்த வேலை. வருஷக் கடைசியில் பெரிய டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷமும் அந்த ஏணி அவனுடையது. அதனால் பெரிய டாக்டர் கொளுத்துகிற வெயிலைப் பார்த்து மழை என்று சொன்னாலும், கரண்ட்டு குடையைத் தேடிப் போகிற ரகம். இதை அவனே ஒத்துக்கொள்வான். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு புதுக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது, மூச்சுக் காற்றிலேயே தொற்றுகிறது, பிடித்தால் பத்தில் மூன்று பேர் எழுந்திருப்பதில்லை என்று சேதி வந்தது. கூடவே மேலிடத்து உத்தரவும் வந்தது: ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒரு தனி அறையைத் தயார் செய்ய வேண்டும். தயார் செய்வதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் மாடி நடைக்கூடத்தின் கடைசியில் இருந்த பழைய சாமான் அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் வெள்ளை ஓடு பதித்தார்கள். கை படாமலே திறக்கும் குழாய் வைத்தார்கள். கையை எப்படி ஆட்டினாலும் அதில் தண்ணீர் வராது என்பது வேறு விஷயம். நாற்பது பாதுகாப்பு உடுப்புகளை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார்கள். யாராவது போட்டுப் பார்த்து அழுக்காக்கிவிடப் போகிறார்களே என்று அதைப் பூட்டி, சாவியை ஹெட் கிளார்க்கின் மேசை அறையில் பத்திரப்படுத்தினார்கள்.

நடைக்கூடத்தின் ஒரு முனையில் இந்த அறை. மறு முனையில், நேர் எதிரே, பெரிய டாக்டரின் அறை. நடுவில் முப்பது தப்படி.

சுவரில் ஃபேன் மாட்டியது கரண்ட்டுதான். பிளானில் அம்புக்குறி போட்டிருந்தபடி, அறைக் காற்றை உறிஞ்சி, வடிகட்டிப் பெட்டி வழியாக வெளியே தள்ளுகிற மாதிரி மாட்டினான். பெரிய டாக்டர் பார்வையிட வந்தார். அறையின் நடுவில் நின்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ஏம்ப்பா கரண்ட்டு, ஃபேன் ஓடுதா?"

"ஓடுது சார்."

"காத்தே வரலையே."

"இது வெளிய தள்ளுற ஃபேன் சார். பிளான்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"பிளான் போட்டவனா வந்து இங்க படுக்கப் போறான்? காய்ச்சல்ல கிடக்கறவனுக்குக் காத்து வேணாமா? திருப்பு அதை."

பிளான் போட்டவன் சும்மா அம்பு வரைந்திருக்க மாட்டானே என்று கரண்ட்டுக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனால் வருஷக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. நாலு போல்ட்டைக் கழற்றி, ஃபேனைத் திருப்பி, மறுபடி முடுக்கினான். பத்து நிமிஷ வேலை.

இப்போது காற்று பெரிய டாக்டரின் முகத்தில் அடித்தது. படிய வாரி வைத்திருந்த நாலு முடியும் எழுந்து நின்றன. "இது காத்து" என்றார். அது கதவைத் தாண்டி, நடைக்கூடம் முழுக்க ஓடி, மறு முனையில் அவருடைய அறை வாசல் திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் போனது. அதைப் பார்த்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தில் கரண்ட்டின் தோளில் ஒரு தட்டு தட்டினார். சான்றிதழில் 'நல்ல காற்றோட்டமான அறை' என்று தம் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பிளானில் மட்டும் அம்பு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அதை ஹெட் கிளார்க் கவனித்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பேர் ஒயிட்னர். வேலையில் தப்பு வந்தால் மற்றவர்கள் வேலையைத் திருத்துவார்கள். அவர் காகிதத்தைத் திருத்துவார். பழைய அம்பின் மேல் வெள்ளையைப் பூசி, வாயால் ஊதிக் காயவைத்து, உள்ளே பார்க்கிற மாதிரி ஒரு புது அம்பு வரைந்தார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன கரண்ட்டு, பெரிய டாக்டர் தோளில் தட்டிய கதையை மனைவியிடம் மூன்று தரம் சொன்னான். அடுத்த ஒரு மாதம் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருத்தரையும் விடவில்லை.

அவன் மனைவியும் அதே ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். புது அறைக்கு ஒரு நர்ஸ் வேண்டும், அவருக்கு இரண்டு நாள் ட்ரெயினிங் என்று சொன்னபோது ஒருத்திக்கு முதுகுவலி வந்தது, ஒருத்தியின் மாமியார் படுக்கையில் விழுந்தார், ஒருத்தி அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. இவள் மட்டும் "யாராவது போய்த்தானே ஆகணும்" என்றாள். அப்படிச் சொல்கிறவர்கள் தலையில்தான் எல்லாவற்றையும் கொண்டுவந்து கட்டுவார்கள்.

ட்ரெயினிங் முடிந்து திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. ஒண்ணு காட்டறேன்."

டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்தாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து, கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் அதைப் பிடித்தாள். உள்ளே புகை தள்ளுகிற ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காகிதம் நெளிந்து, நீண்டு, இடுக்கு வழியாக உள்ளே போனது. ஏழு வயது மகள் தரையில் குப்புறப் படுத்து அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"காத்து எப்பவும் நம்மகிட்டேர்ந்து நோயாளி பக்கம் போகணும். அங்கேர்ந்து நம்ம பக்கம் வரக் கூடாது. பேப்பர் உள்ள போனா நான் பிழைச்சேன். வெளிய பறந்தா, அவரு இருமுறதெல்லாம் என் மூஞ்சிலதான். ரெண்டு நாள் பாடமும் இவ்வளவுதாங்க."

காகிதம் எந்தப் பக்கம் போகிறது என்று கரண்ட்டு இன்னொரு தரம் குனிந்து பார்த்தான்.

"உனக்கு டியூட்டி எங்க?"

"அந்த ரூம் கதவுக்கு வெளிய. நடைல நாற்காலி, மேசை எல்லாம் போட்டாச்சு. வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். பாஸாயிட்டா அன்னிக்கே ஆள் வந்தாலும் வரலாம். ஏன், மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல."

"பயப்படாதீங்க. நீங்க மாட்டின ஃபேன்தானே."

இந்த இடத்தில் ஒரு மனுஷன் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு மாதம் ஓயாமல் தோள் கதை சொன்ன வாய்க்கு அன்று பூட்டு விழுந்துவிட்டது. நாளைக் காலையில் யாருக்கும் தெரியாமல் திருப்பிவிட்டால் போயிற்று, பத்து நிமிஷ வேலைதானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். பிறகு அவனும் மகளுக்குப் பக்கத்தில் படுத்துக் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்பேனரோடு மாடி ஏறிப் போனால் அறைக் கதவில் பூட்டு. பூட்டின் மேல் ஒட்டிய காகிதத்தில் 'ஆய்வு முடியும் வரை திறக்கக் கூடாது' என்று எழுதி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். உள்ளே ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கதவு இடுக்கிலிருந்து வந்த காற்று அவன் கணுக்காலில் அடித்தது. அதற்கு எதிரே மூன்றடி தள்ளி மனைவியின் நாற்காலி கிடந்தது.

நேரே ஹெட் கிளார்க்கிடம் போனான்.

"எதுக்குத் திறக்கணும்?" என்றார் அவர்.

"ஃபேன்ல ஒரு தப்பு இருக்கு சார். திருப்பி மாட்டணும்."

"தப்பா? ஃபைல்ல தப்பே இல்லையே." ஃபைலை எடுத்துப் பிரித்துக் காட்டினார். வெள்ளைப் பூச்சின் மேல் புது அம்பு பளிச்சென்று இருந்தது. "பாரு. ஃபேன் உள்ள தள்ளுது. அம்பும் உள்ள பார்க்குது. சர்ட்டிஃபிகேட்டும் அதையே சொல்லுது. இதுல எது தப்பு?"

"மூணுமே தப்பு சார்."

"மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதுல்ல? ஒத்துப்போனா அதுக்குப் பேருதான் சரி."

கரண்ட்டு நகரவில்லை. ஹெட் கிளார்க்குக்கும் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளினார்.

"உனக்காகச் சொல்றேன். ஒரு மனு எழுதிக் குடு. தப்பா மாட்டினது யாரு, மாட்டச் சொன்னது யாரு, பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டது யாரு. மூணு பேரையும் எழுது. மேல அனுப்பிடறேன்."

எழுத வேண்டிய முதல் ஆள் அவனே. இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் ஒரே ஆள். அந்த ஆளின் கையெழுத்துக்காகத்தான் அவனுடைய அடுத்த வருஷம் காத்துக்கொண்டிருந்தது. கரண்ட்டு பேனா மூடியைக் கழற்றினான். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தான். மூடியை மறுபடி போட்டான்.

"அப்புறம் வர்றேன் சார்."

அன்று முழுக்க எரிந்துகொண்டிருந்த பல்புகளையெல்லாம் கழற்றி வேறு பல்பு மாட்டினான். புதன்கிழமை இரண்டு தரம் மாடிப்படி வரை போய் இரண்டு தரமும் திரும்பி வந்தான். சாயங்காலம் வீட்டில் மனைவி, பழைய மழைக்கோட்டைப் பாதுகாப்பு உடுப்பாக வைத்துக்கொண்டு, எதை முதலில் கழற்றுவது, எதைப் பிறகு கழற்றுவது என்று பழகினாள். மகள் நாற்காலியில் ஏறி நின்று மேற்பார்வை பார்த்தாள். "அம்மா, மூக்கைத் தொட்டுட்டே. நீ அவுட்டு. முதல்லேர்ந்து வா" என்றாள். அவளும் சளைக்காமல் முதலிலிருந்து வந்தாள். ஐந்தாவது தடவை மகள் கை தட்டினாள். கரண்ட்டுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு ஒத்திகை. ஆய்வாளர் பதினொன்றுக்கு வருகிறார். பெரிய டாக்டர் தம் கையாலேயே முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தார். ஹெட் கிளார்க் ஃபைலோடு நின்றார். கரண்ட்டு ஏணிக்குப் பின்னால் நின்றான். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து காகிதத்தை இடுக்கில் பிடித்தாள்.

அது எழும்பி அவள் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

"பார்த்தீங்களா சிஸ்டர், என்னமா பறக்குது" என்றார் பெரிய டாக்டர்.

அவள் காகிதத்தை முகத்திலிருந்து எடுத்தாள். இன்னொரு தரம் பிடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"சார், இது உள்ள போகணும். உள்ள இருக்கறது வெளிய வந்தா இந்த ரூம் கட்டினதுக்கு அர்த்தமே இல்ல."

பெரிய டாக்டருக்கும் இது ஒரு காலத்தில் படித்த பாடம்தான். இப்போது மெதுவாக ஞாபகம் வந்தது, முகம் மாறியதிலிருந்து தெரிந்தது. ஏணியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஃபேனை யார் திருப்பினது?"

"நான்தான் சார்."

"யாரைக் கேட்டுத் திருப்பினே?"

அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தைரியம் வேண்டும். அது அவரிடம் நிறைய இருந்தது. தோள் கதையை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்த மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானாத்தான் சார்" என்றான். "பத்து நிமிஷம் குடுங்க. திருப்பிடறேன்."

"அதெப்படி முடியும்?" ஹெட் கிளார்க் குறுக்கே வந்தார். "ஃபேனைத் திருப்பினா அம்பு தப்பாயிடும். அம்பைத் திருப்பினா சர்ட்டிஃபிகேட் தப்பாயிடும். அதுல சார் கையெழுத்து இருக்கு." அவர் கண்ணை மூடி யோசித்தார். கண்ணைத் திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "சார், நல்லா கவனிச்சுப் பாருங்க. காத்து சரியாத்தான் போகுது. ஆளுங்கதான் பக்கம் மாறி இருக்காங்க."

"அப்படின்னா?"

"காத்து நர்ஸ்கிட்டேர்ந்து நோயாளிகிட்ட போகணும், அவ்வளவுதானே. நர்ஸை ரூமுக்குள்ள போடுவோம். நோயாளியை நடைல போடுவோம். ரெண்டு போர்டையும் மாத்திட்டா முடிஞ்சுது."

பெரிய டாக்டர் அறையையும் நடைக்கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கும். ஆனால் மணி ஒன்பதரை ஆகிவிட்டிருந்தது.

"செய்ங்க" என்றார்.

கட்டிலை வெளியே இழுத்தார்கள். அது கதவில் இடித்து, உள்ளே இரண்டு வெள்ளை ஓடு விரிசல் விட்டது. ஒயிட்னர் அதன் மேலும் ஒரு பூச்சுப் பூசினார். நாற்காலி, மேசை, ரிஜிஸ்டர் எல்லாம் உள்ளே போயின. 'நோயாளி பகுதி' என்ற போர்டு நடைக்கூடத்துச் சுவருக்கும், 'பணியாளர் பகுதி' என்ற போர்டு அறைக் கதவுக்கும் மாறின. போர்டுகளை மாட்டியது கரண்ட்டு. ஏணியைப் பிடிக்க மனைவி வரவில்லை.

ஆய்வாளர் அம்மா பதினொன்றேகாலுக்கு வந்தார். கையில் நாற்பத்திரண்டு கேள்வி உள்ள படிவம். கண்ணாடி அலமாரிக்கு ஒரு டிக் போட்டார். குழாய்க்கு ஒரு டிக். கையை ஆட்டிப் பார்க்கவில்லை. முப்பத்தோராவது கேள்வியைச் சத்தமாகவே படித்தார்.

"பணியாளர் பகுதியிலிருந்து நோயாளி பகுதிக்குக் காற்று செல்கிறதா?"

நர்ஸ் காகிதத்தைப் பிடித்தாள். அது அறையிலிருந்து நடைக்கூடத்தை நோக்கி ஜோராகப் பறந்தது. டிக்.

பேனாவை மூடப் போனவர் கட்டிலைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "நோயாளி நடைக்கூடத்திலயா படுப்பாரு?"

"நல்ல காற்றோட்டம் மேடம்" என்றார் ஹெட் கிளார்க்.

ஆய்வாளர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். நோயாளி எங்கே படுப்பார் என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். அறை பாஸாகிவிட்டது.

மூன்று மணிக்கு ஃபோன் வந்தது. துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவர். நாலு நாளாகக் காய்ச்சல், நிற்காத இருமல், மூச்சு வாங்குகிறது. அரை மணியில் ஆம்புலன்ஸ் வந்துவிடும்.

நர்ஸ் அறையிலிருந்து வெளியே வந்தாள். காலிக் கட்டிலின் தலைமாட்டில் நின்று காகிதத்தைத் தூக்கிப் பிடித்தாள். அது நடைக்கூடத்தின் மறு முனையைக் காட்டியது. பத்துத் தப்படி நடந்து மறுபடி பிடித்தாள். அதே பக்கம்தான் காட்டியது. ஏணியும் கையுமாக நின்ற கரண்ட்டு, அவள் காகிதத்தைப் பிடித்தபடியே முப்பது தப்படியும் நடந்து போவதைப் பார்த்தான். கடைசியில் அவள் நின்ற இடத்தில் பெரிய டாக்டரின் வாசல் திரை உள்பக்கமாக உப்பிக்கொண்டு ஆடியது.

உள்ளே அவர் நாற்காலியில் சாய்ந்து, ஒரு மாதமாகப் பழகிப்போன அந்தக் காற்றில் கண்ணை மூடியிருந்தார்.

"சார், பேஷண்ட் வந்துட்டிருக்காரு."

"வரட்டும் சிஸ்டர். அதான் ரெடியா இருக்கோமே."

"ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஃபாரத்துல அதுக்குக் கேள்வி இல்லாததால காலைல சொல்லல. அவரு இருமுறது நேரா உங்க ரூமுக்குத்தான் வரும்." திரைக்குப் பக்கத்தில் காகிதத்தைப் பிடித்துக் காட்டினாள். அது அவருடைய மேசையைப் பார்த்துத் துடித்தது.

பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். ஆடுகிற திரையைப் பார்த்தார். தம் தேநீர்க் கோப்பையை மூடினார். அப்புறம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் விழுந்தது.

"கரண்ட்டு எங்கே?"

மனு கேட்கவில்லை, யார் மாட்டியது, யார் சொன்னது என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. நாலு போல்ட். பத்து நிமிஷம். அதற்குள் கட்டில் உள்ளே போனது, நாற்காலி வெளியே வந்தது, போர்டுகள் இடம் மாறின. அலமாரிச் சாவி தானாக வந்து சேர்ந்தது. குழாயில் தண்ணீர்கூட வந்தது. ஹெட் கிளார்க் அவசர அவசரமாக அம்பைத் திருத்த உட்கார்ந்தார். பூசியும் சுரண்டியும் அந்த இடத்துக் காகிதம் நைந்துபோயிருந்தது. பிளேடு பட்டதும் அம்பு இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. பெரிய டாக்டருக்குத் திடீரென்று வெளியூரில் ஒரு கூட்டம் ஞாபகம் வந்து, கதவை வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நடைக்கூடத்தில் இப்போது இரண்டே பேர். மனைவி உடுப்பு போட்டு முடித்திருந்தாள். முழங்காலிட்டு, புதிதாக ஒரு காகிதத்தைக் கிழித்துக் கதவு இடுக்கில் பிடித்தாள். அது உள்ளே போனது. வெளியே இழுத்து, இன்னொரு தரம் பிடித்தாள். உள்ளே போனது.

"சரியா இருக்கா?" என்றான் கரண்ட்டு.

"இருக்கு."

அவள் காகிதத்தின் நுனியைக் கதவில் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டு எழுந்தாள். அவனைப் பார்க்காமல் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"திங்கக்கிழமை, பாப்பா படுத்துட்டுச் சிரிச்சாளே. அப்பவே உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அவரு ரூமுக்குக் காத்து போகுதுன்னு தெரிஞ்சதும் பத்து நிமிஷம்." முகக்கவசத்தைப் போட்டு மூக்கின் மேல் அழுத்தினாள். "எனக்கு மூணு நாள்."

லிஃப்ட் கதவு திறந்தது. இருமல் சத்தம் முதலில் வந்தது, பிறகு தள்ளுவண்டி வந்தது. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மனுஷனின் கை பக்கக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"தள்ளி நில்லுங்க. இன்னும் தள்ளி" என்றாள் அவள், அவனிடம்தான். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கரண்ட்டு முப்பது தப்படி தள்ளி, பூட்டியிருந்த பெரிய டாக்டர் அறை வாசலில் போய் நின்றான். திரை ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் கதவு இடுக்கில் அவள் விட்டுப்போன காகிதம் உள்பக்கம் இழுபட்டு, நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அது அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அவள் வெளியே வரும் வரை ஸ்பேனரும் கையுமாக அங்கேயே நின்றான். நிற்கச் சொல்லி அவனிடம் யாரும் சொல்லவில்லை.